சேது என்று எழுதிய செப்புக்காசு

எங்கள் ஐயா தோட்டக்காரர். சுன்னாகத்துக்கும் கந்தரோடைக்கும் இடையில் எங்களுக்குப் பன்னிரண்டு பரப்புக் காணி இருந்தது. வாழையும் வெங்காயமும் போடுவார். செம்பாட்டு மண்ணைக் கொத்தும்போது எப்போதாவது மண்வெட்டியில் ஒரு பழைய காசு அகப்படும். பச்சை பிடித்து, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மற்றவர்கள் வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவார்கள். ஐயா எறிவதில்லை. எங்கள் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, காசை அதில் மடித்து, எந்த இடத்தில், எத்தனை முழ ஆழத்தில் கிடைத்தது என்று பென்சிலால் எழுதி, பால்மாப் பேணிக்குள் போட்டுவைப்பார். அப்படி 32 சரைகள் சேர்ந்திருந்தன.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அந்தக் காசுகளில் ஒன்றை எடுத்து, அம்மா பித்தளைக் குடம் மினுக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். காசு பளபளவென்று வந்தது. ஆனால் அதிலிருந்த எருதும் எழுத்தும் போய்விட்டன. ஐயா என்னை ஏசவில்லை. காசைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதை யாருடைய காசு என்று கண்டுபிடிக்க ஒரு பாதிரியார் எவ்வளவு பாடுபட்டார் என்று சொல்லத் தொடங்கினார். நெற்றி நிறைய விபூதி பூசும் எங்கள் ஐயாவின் வாயிலிருந்துதான் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் பறங்கியர் காலத்தில் ஊரை விட்டு இந்தியாவுக்குப் போன திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர். அவர் சைவத் துறவி. நான் சொல்வது அவருக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் பிந்திய கத்தோலிக்கக் குருவை.

சுவாமி ஞானப்பிரகாசர் 1875 ஓகஸ்ட் 30 அன்று மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். தந்தையார் சுவாமிநாதபிள்ளையின் குடும்பம் நல்லூர் அரசர்களின் வழியில் வந்தது என்று ஒரு மரபு உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும்போது தந்தையார் இறந்துவிட்டார். தாயார் தங்கமுத்து பின்னர் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளையை மணந்தார். அவர் கத்தோலிக்கர், புலவர், அச்சுக்கூடம் வைத்திருந்தவர். தாயும் மகனும் கத்தோலிக்கராக, வைத்திலிங்கம் ஞானப்பிரகாசம் ஆனார். அச்சு மையின் மணத்துக்குள் வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் ஓயாமல் எழுதியதில் வியப்பில்லை.

படித்து முடித்ததும் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து இளைஞர்களைப் போலவே அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார். ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. தாய் தகப்பன் கோயிலில் தேங்காய் உடைத்துக் கொண்டாடும் உத்தியோகம் அது. அவர் அதில் நிலைக்கவில்லை. 1895 இல் குருமடத்தில் சேர்ந்தார். 1901 டிசம்பரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, அமலமரித் தியாகிகள் சபையின் குருவாகப் பணியாற்றினார். 1904 முதல் நல்லூர் அவருடைய பணித்தளம் ஆயிற்று. அதன்பிறகு அவரை நல்லூரிலிருந்து பிரித்துச் சொல்வதே இல்லை.

நல்லூர் எப்படிப்பட்ட இடம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாண அரசின் தலைநகர். 1619 இல் போர்த்துக்கீசர் சங்கிலி மன்னனைப் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621 இல் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். அரண்மனை போயிற்று, ஏடுகள் போயின. அரசர்களைப் பற்றி எழுதப்பட்டதாக மிஞ்சியவை சில நூல்கள். அவற்றில் பெயர்பெற்ற யாழ்ப்பாண வைபவமாலையும் அரசு அழிந்து ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது. அரசர்கள் இருந்த காலத்திலேயே உண்டாகி, அவர்களுடைய கையிலிருந்தே நேராக நம் கைக்கு வந்த சான்று ஏதாவது இருக்கிறதா என்பதே சுவாமியின் கேள்வி. அந்தச் சான்று தோட்டங்களில், பாத்திகளுக்குள், கிணறு வெட்டிய மண்ணுக்குள் கிடந்தது.

அது ஒரு செப்புக்காசு. ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் எருது, அதற்கு மேலே பிறை. கீழே தமிழில் சேது என்று இரண்டே எழுத்துகள். இந்தக் காசை 19 ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் சேர்த்தார்கள், படம் போட்டார்கள், பட்டியல் எழுதினார்கள். சேது என்றால் இராமேசுவரம், இராமேசுவரத்தின் காவலர்கள் இராமநாதபுரத்துச் சேதுபதிகள், ஆகவே இது சேதுபதிகளின் காசு என்று அவர்களிற் பலர் முடிவுகட்டினார்கள். கேட்பதற்கு நேரான வாதந்தான். யாழ்ப்பாணத்து அரசர்கள் காசே அடிக்கவில்லை என்பதும் அதோடு சேர்ந்து நிலைத்துவிட்டது.

1920 இல் சுவாமி ஒரு கட்டுரை எழுதினார். யாழ்ப்பாண அரசர்களின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்பது அதன் பொருள். கொழும்பில் ஆங்கிலத்தில் வெளிவந்த ஓர் ஆய்வுச் சஞ்சிகையில் அது அச்சாயிற்று. அவருடைய வழி எளிமையானது. காசு எங்கே கிடைக்கிறது என்று முதலில் பார்த்தார். இந்தக் காசுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அடுத்து, சேது என்ற சொல் யாருக்கு உரியது என்று பார்த்தார். ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் சேதுகாவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள். கேகாலைப் பக்கத்தில் கொட்டகமவில் கண்டெடுக்கப்பட்ட, ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டிலும் சேது என்ற சொல் தலைப்பில் நிற்கிறது. மூன்றாவதாக, எருது யாருடைய சின்னம்? யாழ்ப்பாண அரசரின் அவையில் பிறந்த சோதிட நூலான செகராசசேகரமாலை எருதுக் கொடியையும் சேதுவையும் அந்த அரசர்களோடு சேர்த்துச் சொல்கிறது. ஊரும் கல்லும் ஏடும் ஒரே பக்கம் கை காட்டின.

நான்கு ஆண்டுகளின் பின், 1924 இல் கொட்றிங்டன் இலங்கை நாணயங்கள் பற்றிய தமது பெரிய நூலை வெளியிட்டபோது, சேதுக் காசுகள் யாழ்ப்பாண அரசர்களின் பக்கத்திலேயே இடம்பெற்றன. இன்று அதில் பெரிய மறுப்பு இல்லை.

இதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுவாமியின் முதற் சான்று காசில் இல்லை, காசு கிடந்த மண்ணில் இருந்தது. அதே காசைக் கொழும்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது இராமநாதபுரத்துக் காசாகத் தெரிந்தது. நல்லூரில் இருந்து பார்த்தவருக்கு அது நல்லூர்க் காசாகத் தெரிந்தது.

பழைய காசுகளைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் இப்படித்தான் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் கரூருக்குப் பக்கத்தில் அமராவதி ஆற்றுப் படுகையில் பழைய கிரேக்க நகரங்களின் சிறு வெண்கலக் காசுகள் கிடைத்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைச் சேர்த்து ஆராய்ந்து 2000 இல் நூலாக்கினார். தங்கக் காசு எங்கும் போகும், எடைக்கு எடை விலை உண்டு. வெண்கலக் காசு அப்படியல்ல. அடித்த ஊரைத் தாண்டினால் அதற்குப் பெறுமதி இல்லை. ஆகவே கிரேக்க ஊரொன்றின் சில்லறை கரூர் ஆற்றில் கிடக்கிறது என்றால், அந்த ஊர் மனிதர் ஒருவரின் மடியிலோ பையிலோ அது வந்திருக்கவேண்டும். அந்தக் காசையே ஓர் ஐரோப்பிய நகரத்துக் கடையில் வைத்தால் அதற்கு இந்தக் கதை இல்லை.

எங்கள் கந்தரோடையும் அப்படிப்பட்ட இடந்தான். நீதித்துறையில் இருந்த போல் பீரிஸ் 1917 ஆம் ஆண்டளவில் அங்கே தேடல் நடத்தினார். முத்திரை குத்திய பழைய காசுகளும் இலட்சுமி உருவத் தகடுகளும் உரோமக் காசுகளும் கிடைத்தன. கிறித்துவுக்குப் பின் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் உரோமச் செப்புக்காசுகள் இலங்கையில் பல இடங்களில் அள்ளக்கூடிய அளவுக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலியாக அடித்தவையும் உண்டு. சில்லறை தட்டுப்பட்டதும் சந்தை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்க மொழி எழுத்தாளர், இலங்கை அரசன் முன்னால் ஓர் உரோம வணிகனும் ஒரு பாரசீக வணிகனும் எந்த அரசன் பெரியவன் என்று வாதிட்டதை எழுதியிருக்கிறார். உரோம வணிகன் இரு நாட்டுக் காசுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டித் தன் தங்கத்தால் வென்றானாம். காசைப் பார்த்து அரசை அளப்பது பழைய வழக்கம். சுவாமியும் அதையே செய்தார், ஆனால் தங்கத்தால் அல்ல, செம்பால்.

சுவாமி காசோடு நிற்கவில்லை. 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்ற நூலை வெளியிட்டார். வைபவமாலை சொல்வதை வரிக்கு வரி எடுத்து, கல்வெட்டோடும் போர்த்துக்கீசரின் எழுத்துகளோடும் ஒப்பிட்டு, நிற்பது எது, விழுவது எது என்று பிரித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன் முதலியார் செ. இராசநாயகம் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்தில் பெரிய நூல் எழுதியிருந்தார். ஆரியச்சக்கரவர்த்திகளின் தொடக்கம் பற்றி இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒரே ஊரில் இரண்டு அறிஞர்கள் சான்றுகளை வைத்துச் சண்டைபிடித்த காலம் அது. இன்று நாங்கள் அந்த இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம். அந்தச் சண்டையால் எங்களுக்கு நட்டமில்லை.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. மதப்பணி செய்த குருவாக அவர் சைவர்களோடு கண்டனப் பிரசுரங்களில் மோதியவர். அந்த எழுத்துகள் அக்காலத்தில் பலருக்கு நோவாக இருந்தன. உலக மொழிகளின் வேர்களைத் தமிழில் காணலாம் என்ற அவருடைய எண்ணத்தை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் அந்த எண்ணத்துக்காக அவர் படித்த மொழிகளின் தொகையை எண்ணினால் தலை சுற்றும். 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஆறு பகுதிகள் வந்தன. ஒரு நிறுவனம் செய்யவேண்டிய வேலையை வயதான ஒருவர் கிராமக் கோயில்களுக்கு நடந்து திரிந்துகொண்டே செய்தார். அது முடியவில்லை. 1947 ஜனவரி 22 அன்று அவர் காலமானார்.

விட்ட இடத்திலிருந்து தொடர ஒருவர் வந்தார். தாவீது அடிகள். அவரும் கத்தோலிக்கக் குரு, பன்மொழி அறிஞர், சுவாமியின் வழியில் சொற்பிறப்பு அகராதிக்காக உழைத்தவர். 1981 இல் இலங்கை அஞ்சல் திணைக்களம் சுவாமி ஞானப்பிரகாசரின் படத்தோடு முத்திரை வெளியிட்டது. அதே ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். சம்பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியில் உயிரிழந்தார். குருவின் முகம் முத்திரையில் வந்த ஆண்டிலேயே அந்த வேலையும் நின்றது.

தாள் எரியும், செம்பு எரியாது என்று அப்போது ஐயா நினைத்திருக்கக்கூடும். அதன்பிறகு அவர் காசுகளை இன்னும் கவனமாகச் சேர்த்தார். ஆனால் காசுக்கு உயிர் கொடுப்பதும் தாள்தான் என்பதை நாங்கள் 1995 ஒக்டோபர் 30 இரவு தெரிந்துகொண்டோம்.

அந்த இரவைப் பற்றி இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. வாசிக்கும் உங்களில் பலர் அந்த வீதியில் எங்களுக்கு முன்னாலோ பின்னாலோ நின்றிருப்பீர்கள். செம்மணி வெளியில் மழை கொட்டியது. நாவற்குழிப் பாலத்தை ஓர் அடி ஓர் அடியாகக் கடந்தோம். சைக்கிளில் அரிசி, அம்மாவின் மருந்து, உறுதிக் கட்டு, அந்தப் பால்மாப் பேணி. பேணியின் மூடி எந்த இடத்தில் கழன்றது என்று தெரியாது. அடுத்தநாள் மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஐயா பேணியைக் கவிழ்த்தார். காசுகள் இருந்தன. சரைகள் கூழாகிவிட்டன. பாயில் பரப்பி, பிய்ந்த தாளில் ஓர் எழுத்தாவது தெரிகிறதா என்று பார்த்தார். வீடு போனபோது அழாதவர் அன்றைக்கு அழுதார். எங்களுக்கு அது விளங்கவில்லை. காசு பத்திரமாகத்தானே இருக்கிறது என்று அக்கா தேற்றினாள்.

பிறகு வன்னி, பிறகு முகாம், பிறகு ஊர். பேணி எங்களோடு எல்லா இடமும் வந்தது. ஐயா வன்னியிலேயே போய்விட்டார். நான் ஊருக்குத் திரும்பியபோது காணியில் வாழை இல்லை. பதுங்குகுழியும் மண் அணையும் வெட்டி மேல்மண் கீழாகவும் கீழ்மண் மேலாகவும் கிடந்தது. ஐயா மூன்று முழம், நான்கு முழம் என்று எழுதிவைத்த ஆழங்களுக்கு அந்தக் காணியில் இனிப் பொருள் இல்லை. போர் எங்கள் வீடுகளை மட்டும் உடைக்கவில்லை. நிலத்துக்குள் அடுக்கடுக்காக இருந்த காலத்தையும் கலைத்துவிட்டது. பழைய இரும்பு, பித்தளை வாங்க வந்த வண்டிகளில் எத்தனை காசுகள் நிறைக்குப் போயின என்று யாருக்குத் தெரியும்? உலோகம் காட்டும் கருவியோடு இரவில் புதையல் தேடுபவர்களின் குழிகளை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தங்கம்தான் வேண்டும். செம்பைப் பக்கத்தில் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

சுவாமி எழுதியவற்றை நான் பிறகுதான் படித்தேன். நூலகம் இணையத்தளத்தில் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது ஐயாவின் அழுகை விளங்கியது. அவர் சேர்த்தது காசுகளை அல்ல, சான்றுகளை. மழையில் கரைந்தது அந்தச் சான்று. இப்போது என்னிடம் இருப்பவை யாழ்ப்பாணத்தில் எங்கோ கிடைத்த பழைய செப்புக்காசுகள், அவ்வளவுதான். அவற்றில் உரோமக் காசு போல இரண்டு உண்டு. அவை கந்தரோடை மேட்டுக்கு எவ்வளவு கிட்டக் கிடைத்தன என்று தெரிந்திருந்தால் அவை பேசியிருக்கும்.

போன ஆண்டு ரொறன்ரோவிலிருந்து அக்கா கேட்டாள், ஐயாவின் நினைவாகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காசு அனுப்பச் சொல்லி. பதக்கமாகக் கட்டிப் போடுவார்களாம். அவளுடைய ஆசையில் பிழையில்லை. ஆனால் தொல்பொருளை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது. கண்டெடுத்ததை அறிவிக்கவேண்டும் என்றும் 1940 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் சனங்கள் ஏன் அறிவிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இன்றைக்குக் காசு கிடைத்தது என்று சொன்னால் நாளைக்குக் காணியில் பலகை நட்டுவிடுவார்கள் என்ற பயம். கந்தரோடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் பயந்து மறைத்த காசு நாளைக்கு நமக்காகச் சாட்சி சொல்லாது. சுவாமி வாதத்தில் வென்றது மறைத்துவைத்து அல்ல, அச்சில் போட்டு.

அதனால் காசுகளைப் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்தேன். நகைக்கடைத் தராசில் நிறுத்தேன், விட்டம் அளந்தேன். எதையும் தேய்க்கவில்லை. படங்களை அக்காவுக்கு அனுப்பி, இதைச் சட்டம் போட்டு மாட்டு என்று சொன்னேன். இரண்டு நாள் கோபமாக இருந்தாள். பிறகு எடுத்துக் கதைத்தாள். பட்டியலின் பிரதியொன்றை, நாணயங்கள் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுக்க வைத்திருக்கிறேன்.

உங்கள் காணியிலும் இப்படி ஒன்று கிடைக்கலாம். வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போது, கிணறு இறைத்துத் தூர்வாரும்போது. புளி போடாதீர்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடோ எலும்போ இருந்ததா என்று எழுதுங்கள். கையடக்கத் தொலைபேசியில் அந்தக் குழியோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். ஒரு காகிதத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். நம்மைப்போல ஓடிப் பழகிய சனத்துக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பேணியில் ஒரு காசு மட்டும் சரையோடு தப்பியது. கோயில் விபூதி கட்டித் தந்த சின்னப் பொலித்தீன் பையில் ஐயா அதைத் தனியாக வைத்திருந்தார், யாரோ ஒரு வாத்தியாருக்குக் காட்டுவதற்காக. எருதும் பிறையும் தெளிவாக இருக்கின்றன. சேது என்ற இரண்டு எழுத்தும் இருக்கின்றன. தாளில் அவருடைய பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் வாசிக்கலாம். எங்கள் கிணற்றடி, வடக்குப் பக்கம், மூன்று முழ ஆழம், 1986 ஆவணி.

அந்தக் கிணறு இப்போதும் இருக்கிறது.